கூடையில் வைத்த குஞ்சுகள்

கரமனை ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. ஜூலை முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த மரத்தின் கிளைகளைக் கழிப்பதற்காக யோசுவா வந்தான். வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் பாறசாலை. இருபது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் மரம் ஏறுகிறான். கூட வேலாயுதன் வந்திருந்தான். அவன் கீழே நின்று வடம் பிடிக்கிறவன். யோசுவாவைவிட ஏழெட்டு வயது மூத்தவன்.

மரம் நிறைய நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. மழை தொடங்கியதும் வருஷாவருஷம் வருகிறவைதான்; இந்த வருஷம் கூட்டம் இரட்டிப்பு. ஆற்றில் முங்கி மீன் பிடிப்பதும், மின்கம்பியில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காய்வதும், மரத்துக்கு வந்து எச்சமிடுவதுமாக நாள் முழுக்க அவற்றுக்கு ஓயாத வேலை. கீழே ரோடு சுண்ணாம்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழை விட்ட பிறகும் குடையை மடக்குவதில்லை. ஆட்டோக்காரர்கள் வண்டியைப் பாலத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாரையும்விட அடிபட்டவள், மரத்தடியில் டீக்கடை வைத்திருந்த சுசீலாபாய். மார்த்தாண்டத்துக்காரி, புருஷன் இறந்தபின் பதினைந்து வருஷமாக இதே இடத்தில் கடை. மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தாள். ஆனாலும் பாதி செரித்த மீன் ஒன்று, டீ குடித்துக்கொண்டிருந்த பாங்க் ஊழியர் ஒருவரின் சட்டைப்பைக்குள் போய் விழுந்த நாளோடு காலை வியாபாரம் படுத்துவிட்டது. தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கு மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான்.

"சீக்கிரம் ஏறு மக்கா," என்றாள் யோசுவாவிடம். "ஒரு கொம்பு விடாம கழிச்சுப் போடு. இந்தச் சவங்க எங்கயாவது போய்த் தொலையட்டு."

யோசுவா இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு ஏறினான். முதல் கவட்டையைத் தாண்டியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. கூடுகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டான். கூடு என்றால் தூக்கணாங்குருவிக் கூடு போன்ற வேலைப்பாடொன்றும் கிடையாது. கைப்பிடிச் சுள்ளியை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. பக்கத்துக் கூட்டில் மூன்று குஞ்சுகள். மேலெல்லாம் மயிரில்லாத கறுத்த தோல், தலை மட்டும் சிவப்பு. அவன் முகத்தைக் கண்டதும் மூன்றும் பயந்து கழுத்தை நீட்டி, தின்ற மீனை அவன் கைமேல் கக்கின.

கையை உதறிவிட்டு, எந்திர வாளை மேலே இழுப்பதற்கு முன் கொஞ்சம் மூச்சு வாங்கலாமென்று கவட்டையில் உட்கார்ந்தான். அவன் அசையாமல் இருக்கவே, விலகிப்போன பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாலு கை தூரத்தில் இருந்த ஒரு கூட்டில் ஒரு நீர்க்காகம் இறகை அகற்றிக் குஞ்சுகளை மூடியபடி உட்கார்ந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து அதன் ஜோடி வந்து இறங்கியது. உட்கார்ந்திருந்தது எழுந்து, வந்ததன் கழுத்தோடு தன் கழுத்தை ஒருமுறை உரசிவிட்டு, அப்படியே ஆற்றை நோக்கிப் பறந்தது. வந்தது வாயைத் திறந்தது. ஒரு குஞ்சு தலையை முழுக்க அந்த வாய்க்குள் நுழைத்து, தொண்டைக்குள்ளேயே போய்த் தின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் போனது திரும்பி வந்தது. மறுபடி கழுத்து உரசல். இருந்தது போயிற்று.

"எடா யோசுவா! மேல போய் உறங்கிட்டியா?" என்று வேலாயுதன் கீழேயிருந்து கூப்பிட்டபோது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

யோசுவா இறங்கி வந்தான். "இப்பம் முடியாது அக்கா. குஞ்சு இருக்கு. பறந்த பெறகு வெட்டித் தாரேன்."

"எப்பம் பறக்கும்?"

"ரெண்டு மாசம் ஆவும்."

"ரெண்டு மாசமா! அதுவரைக்கும் எனக்க கடையில யாருலே டீ குடிப்பா? நீர்க்காக்காயா?"

அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சங்கத்தார் வேறு ஆளைப் பிடிப்பதாகச் சொல்லிப் பார்த்தார்கள். கூடு இருக்கிற மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை தொடக் கூடாதென்று வனத்துறை உத்தரவு உண்டென்று யாரோ எடுத்துச் சொன்னதும் அடங்கினார்கள். சுசீலாபாய் மட்டும் அடங்கவில்லை. அன்றிலிருந்து யோசுவாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு உத்தரவு ஒண்ணும் தெரியாதல்லோ. பின்ன எதுக்கு இறங்கின?" என்று வேலாயுதன் கேட்டான்.

யோசுவாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "ஒண்ணு போவுது, ஒண்ணு வருது. பாத்துட்டே இருந்துட்டேன் அண்ணே," என்றான்.

அவன் வீட்டில் போனவள் போய் ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

அவன் மனைவி ரெம்யா. கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. நகரத்தில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தவள், போன வருஷம் ஜூனில் இங்கிலாந்துக்குப் போனாள். அங்கே கடலோரத்து ஊர் ஒன்றில், எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவரின் வீட்டிலேயே தங்கி அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும். முதலில் யோசுவாவும் கூடப் போவதாகத்தான் பேச்சு. விசாவுக்கு எழுதிப்போடுவதற்குள் அந்நாட்டுச் சட்டம் மாறி, இந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாதென்று ஆகிவிட்டது. "மூணு வருஷம்தானே. கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்," என்றாள் ரெம்யா. பாறசாலை வீட்டைப் பூட்டிவிட்டு யோசுவா கரமனையில் ஒற்றை அறைக்குக் குடிவந்தான். அதற்குப்பிறகு அவன் கண்ணை எத்தனையோ முறை மூடித் திறந்துவிட்டான்.

தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள். அங்கே அப்போது மதியம் இரண்டரை. கிழவர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம். போனில் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. யோசுவாவுக்கு அது போதவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு அவள் கடந்துபோகும்போது முதுகில் தெறிக்கிற நாலு துளி ஈரம் வேண்டியிருந்தது. அரைத்தூக்கத்தில் அவன் கைமேல் வந்து விழுகிற முழங்கை வேண்டியிருந்தது. சின்ன வயதில் தொண்டையில் மீன்முள் சிக்கி ஆசுபத்திரிக்குப் போனவன் அவன். ரெம்யா முள்ளெடுத்து விரலால் உதிர்த்துத் தட்டில் வைத்தால்தான் பயமில்லாமல் தின்பான். அவள் போனபிறகு மீன் வாங்குவதையே நிறுத்தியிருந்தான். இதையெல்லாம் போனில் எப்படிக் கேட்பது? "சாப்பிட்டியா" என்று அவன் கேட்பான். "நீங்க சாப்பிட்டியளா" என்று அவள் கேட்பாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

போகும் முன் அவள் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். "நான் இல்லாதப்ப மரத்தில ஏறப்பிடாது. ஆளை ஏத்தி விட்டுட்டுக் கீழ நில்லுங்க." அவனும் இரண்டு மாதம் அப்படிச் செய்து பார்த்தான். ஏற ஆள் கிடைக்கவில்லை. பிறகு தானே ஏறத் தொடங்கினான், அவளிடம் சொல்லவில்லை. நீர்க்காகங்களைப் பற்றிச் சொன்னபோதும் கீழே நின்று பார்த்ததாகவே சொல்லிவைத்தான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், பேய்க்காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அவன் போன் அடித்தது. சுசீலாபாய்.

"லே யோசுவா, ஒனக்க பிள்ளைய ரெண்டு, கூட்டோட பிஞ்சு வந்து தார்ப்பாயில கெடக்கு. காக்கா கொத்த வருது. நான் எத்தனை நேரம் அகப்பையை வச்சு வெரட்டிட்டு நிக்கது?"

அவன் போனபோது அவள் ஸ்டூலின்மேல் ஏறி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் அகப்பையுமாகக் காவல் நின்றுகொண்டிருந்தாள். டீ கேட்டு வந்த ஒருவரை, "கண்ணு தெரியலியா? பொறவு வாரும்," என்று விரட்டினாள். குஞ்சுகள் கறுப்புத் தூவி நனைந்து ஒட்டி, ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு நடுங்கின.

"கொண்டுபோயி வளக்கப் போறியா?"

"நான் எங்க வளக்க? பெத்த தள்ளை மேலதான் நிக்குது, பாருங்க. கூடையில வச்சு அதே எடத்தில கட்டினா, வந்து தீனி குடுக்கும்."

சுசீலாபாய் தேங்காய் போட்டிருந்த மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கொடுத்தாள். வேலாயுதன் அன்று நெடுமங்காட்டுக்கு வேறு வேலையாகப் போயிருந்தான். வடம் பிடிக்க ஆளில்லை. "அவன் வந்த பெறகு ஏறு மக்கா," என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அதுவரை குளிர் தாங்காமல் இவை செத்துப்போகும் என்று யோசுவாவுக்குத் தோன்றியது. ஏறினான். கூடையைக் கவட்டையில் கம்பி வைத்து இறுக்கிக் கட்டினான். உள்ளே சுள்ளி பரப்பினான். குஞ்சுகளை ஒவ்வொன்றாக வைத்தான். அதுவரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது. இறங்குகிறபோது, எச்சமும் மழையும் சேர்ந்து வழுவழுத்துக் கிடந்த கிளையில் கால் வழுக்கிவிட்டது. பத்தடி உயரம் இருக்கும். பஸ் நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் வலது கால் போய் இடித்தது. எலும்பு முறிகிற சத்தத்தை அவனே கேட்டான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தது. அறுவை செய்து, உள்ளே கம்பி வைத்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசுபத்திரியில் கிடந்த நாளெல்லாம், போன் மழையில் நனைந்து படம் தெரியவில்லை என்று சொல்லி ரெம்யாவிடம் குரல் மட்டும் கொடுத்துச் சமாளித்தான். அறைக்கு வந்தபிறகு தலையணையை உயர்த்திச் சாய்ந்துகொண்டு, நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரிகிறமாதிரி போனைப் பிடித்தான்.

காலையும் மாலையும் வேலாயுதன் வந்து தாங்கிப்பிடித்துக் குளியலறைக்குக் கொண்டுபோவான். மதியம் சுசீலாபாய் கஞ்சியும் பயறும் கொண்டுவருவாள். தான் போன் செய்ததால் வந்த வினை என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தல். அதை வெளியே காட்டாமல் அவனையும் பறவைகளையும் சேர்த்துத் திட்டுவாள். திட்டி முடித்தபின் குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள்: "அன்னைக்கு மத்தியானமே தள்ளை வந்தாச்சு, கேட்டியா. முதல்ல கூடையச் சுத்திச் சுத்தி வந்து. பெறகு இறங்கி தீனி குடுத்து. இப்பம் ரெண்டும் வெளிய தலைய நீட்டிட்டு எனக்க கடையத்தான் பாக்குது."

விழுந்த பத்தாம் நாள் மாலை, வழக்கம்போல் ஏழு மணிக்கு ரெம்யா கூப்பிட்டாள்.

"ஏன் எப்பமும் அந்தச் சுவரையே காட்டுதிய? எழும்பி வெளிய போங்க. மழை பாக்கணும் எனக்கு."

"இங்க மழை இல்ல."

"பின்ன அது என்ன சத்தம்?"

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "குழாயி," என்றான் யோசுவா.

அவள் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தபோது, அந்த வீட்டின் உள்ளேயிருந்து கிழவரின் குரல் கேட்டது. "ஒரு நிமிஷம், சாயிப்பு எழும்பிட்டாரு," என்று சொல்லி, போனை வெட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள். யோசுவாவின் கையில் இருந்த போனில் ஒரு வெள்ளைக் கூரையும் விளக்கும் மட்டும் தெரிந்தன.

குரல் மட்டும் வந்தது. அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் புரிந்தது. மெல்ல எழுந்திருங்கள், ஒரு அவசரமும் இல்லை, என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் விடமாட்டேன் என்று சொல்கிறாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிறாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பேசுகிற அதே குரல். ஒன்றேகால் வருஷமாக அவள் தினமும் அவனோடு பேசியிருக்கிறாள்; அந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை. பேச வேண்டிய தேவை இல்லையென்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

நாலு மணியிலிருந்து அவனுக்குத் தாகம். தண்ணீர்க் குடம் அறையின் அந்தக் கோடியில் இருந்தது. மழையில் வேலாயுதன் இன்னும் வந்து சேரவில்லை.

ரெம்யா சிரித்த முகத்தோடு திரும்பி வந்து போனை எடுத்தாள். "சாயிப்புக்கு இன்னைக்கு ஒடம்புக்குக் கொஞ்சம் வாசி உண்டு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். "இஞ்சேருங்க, என்ன? அழுதியளா?"

"எனக்க காலு ஒடிஞ்சு போச்சு ரெம்யா."

அவள் அலறவில்லை. எந்தக் கால், எந்த இடம், கம்பியா தகடா, தையல் பிரித்தாயிற்றா, காய்ச்சல் உண்டா, தண்ணீர் எடுத்துத்தர ஆள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குடம் எட்டாத கோடியில் இருப்பதையும் அவன் சொல்லவேண்டி வந்தது. போனைக் காலுக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் கேட்டாள்:

"மரத்திலேருந்தா?"

"ம்."

"வெட்டவா ஏறினிய?"

"இல்ல. விழுந்த குஞ்சைத் திருப்பி வைக்க."

அப்போது அவள் உடைந்துவிட்டாள். "இஞ்ச ஆருக்கோ ஒருத்தருக்கு நான் பிடிச்சு எழுப்பி விடுதேன், தொடைச்சு விடுதேன், வாயில கோரிக் குடுக்குதேன். அங்க எனக்க ஆளு ஒரு வாய் தண்ணி எடுக்க வழியில்லாம கெடக்குதாரு. என்னத்துக்கு? ஒரு காக்காக் குஞ்சுக்கு!" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏறினதுகூடப் போவட்டு. பத்து நாளா எங்கிட்ட மறைச்சு, சுவரைக் காட்டிட்டு இருந்தியளே, அதுதான் சகிக்கல. நான் ஆருன்னு நினைச்சிய?"

இருவரும் அழுதார்கள். அப்போது குடையைச் சுருக்கிக்கொண்டு வேலாயுதன் உள்ளே நுழைந்தான். போனிலிருந்து, "அண்ணே, மொதல்ல அந்தக் குடத்தை எடுத்துக் கட்டில் பக்கத்தில வையுங்க," என்று ஒரு பெண்குரல் அதட்டியதைக் கேட்டு அவன் திடுக்கிட்டுப்போனான்.

மறுநாளிலிருந்து ஏழு மணி என்பது ரெம்யாவின் வைத்திய நேரம். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வைக்கக் கூடாது, இங்கே வையுங்கள் என்பாள். கால்விரலை மடக்கி நீட்டச் சொல்லி எண்ணுவாள். கட்டிலிலிருந்து எழும்போது எந்தக் கையை ஊன்ற வேண்டும் என்று தன் கட்டிலில் உட்கார்ந்து செய்துகாட்டுவாள். அந்தக் குரல் இப்போது அவனுக்கும் கிடைத்தது. ஆனால் பிடித்துக்கொள்ளத் தோள் இல்லை.

தன்னை வேலைக்கு வைத்த கம்பெனியில் விடுப்புக்குக் கேட்டுப் பார்த்தாள். மாற்று ஆள் வந்தபிறகு போகலாம் என்றார்கள். வந்த மாற்றுப் பெண்ணைக் கிழவர் பக்கத்தில் விடவில்லை, குழந்தைபோல அழுதார். "எப்படி விட்டுட்டு வர?" என்றாள் ரெம்யா. "வேண்டாம், நான் சமாளிச்சுக்கிடுவேன்," என்றான் யோசுவா. போனைக் கவிழ்த்து வைத்தபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எண்பத்தாறு வயதுக் கிழவர்மேல் பொறாமைப்படுவது வெட்கமாக இருந்தது. இருந்தும் பட்டான்.

ரெம்யா அழுத முகத்தோடு இருந்த காரணத்தைக் கிழவர் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாலிபத்தில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. அந்த ஊரிலும் நீர்க்காகம் உண்டாம். இங்கே இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாம். மீனைத் திருடுகிற கறுப்புக் கள்ளன் என்று தூண்டில்காரர்கள் திட்டுவார்களாம். அவரும் கல்லெறிந்தவர்தானாம். "அந்தக் கள்ளனுக்காகக் காலை ஒடித்துக்கொண்ட ஒரே மனுஷன் உன் புருஷன்தான்," என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தாராம். ஒருநாள் ரெம்யா போனை அவர் பக்கம் திருப்பினாள். ரோஸ் நிறத்தில் ஒட்டிய கன்னம், நீலக்கண். "ஜாஷுவா!" என்று கையைத் தூக்கினார். யோசுவாவும் தூக்கினான்.

அதற்குப்பிறகு கிழவர் தினமும் குஞ்சுகளைப் பற்றிக் கேட்டார். கேட்கிறார் என்பதற்காக யோசுவா சுசீலாபாயிடம் விசாரித்தான். விசாரிக்கிறான் என்பதற்காக அவள் அண்ணாந்து பார்த்தாள். இன்றைக்கு ஒன்று கூடையின் விளிம்பில் ஏறி நின்றது. இன்றைக்குச் சிறகை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே உட்கார்ந்துகொண்டது. கரமனையில் அவள் சொன்னது மாலையில் ரெம்யாவின் ஆங்கிலத்தில் கடலோரத்து ஊருக்குப் போய்ச்சேர்ந்தது. செப்டம்பர் பாதியில் ஒன்று பறந்தது. இரண்டு நாள் கழித்து மற்றது. அதைச் சுசீலாபாய் தன் போனில் படம் பிடித்து அனுப்பினாள். படத்தில் பாதிநேரம் அவள் விரல்தான் தெரிந்தது. கடைசியில் ஒரு கறுப்புப் பறவை கூடையை விட்டுக் கிளம்பி, தாழ்ந்து, பஸ்ஸின் கூரைக்கு ஒரு முழம் மேலே நிமிர்ந்து ஆற்றுப் பக்கம் போயிற்று. கிழவர் அதை மூன்றுமுறை போடச்சொல்லிப் பார்த்தார் என்று ரெம்யா சொன்னாள்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. அவன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுநாள் மதியம்தான் வந்தது.

"சாயிப்பு போயிட்டாரு," என்றாள்.

யோசுவா கட்டிலில் உட்கார்ந்திருந்தான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த வீட்டுக்குப் போக மூணு வாரம் உண்டு. நான் வருதேன்," என்றாள் அவள்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவன் எத்தனை நாள் காத்திருந்தான்! அது இப்படி வந்து நின்றபோது சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

பதினாறு நாளுக்கு வந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு யோசுவா விமான நிலைய வாசலில் நின்றான். ரெம்யா மெலிந்திருந்தாள், இந்த ஊர் வெயிலுக்குப் பொருந்தாத கனத்த கோட்டுப் போட்டிருந்தாள். வந்தவள் பெட்டியை விட்டுவிட்டு அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவன் காலடியில் குந்தி உட்கார்ந்து, வேட்டியைச் சற்று விலக்கித் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "தையல் மோசமில்ல," என்றாள். எழுந்திருக்க அவன் கை கொடுத்தான். அந்தக் கையை ஆட்டோவில் வீடு வரைக்கும் அவள் விடவில்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தவள் கிழவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவருடைய மகன் வந்துசேர இரண்டு நாள் ஆனது. அதுவரை அந்த வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். கடைசி மூச்சுக்குப் பிறகும் அவர் கை வெகுநேரம் சூடாக இருந்தது. சொல்லச் சொல்ல விம்மினாள். தன்னைப் பார்க்கத்தானே வந்தாள், வந்த நாளே இன்னொருவருக்காக அழுகிறாளே என்று யோசுவாவுக்குத் தோன்றவில்லை. அந்த ரோஸ் முகமும் தூக்கிய கையும் அவன் கண்ணுக்கு முன்னாலும் இருந்தன.

"அவருக்க கையை நான் பிடிச்சிட்டு இருந்தேன்," என்றாள். "ஒங்களுக்கு ஆப்பரேசன் செய்யும்ப ஒங்க கையை ஆரு பிடிச்சா?"

"வேலாயுதண்ணன்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பாறசாலைக்குப் போய்ப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து கூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனைக்குப் போனார்கள். சந்தையில் சாளை மீன் வாங்கினார்கள்; அவள் முள்ளெடுத்து வைக்க, அவன் நாலு தட்டுச் சோறு தின்றான். முதல் வாரம் மெல்லப் போயிற்று. இரண்டாம் வாரம் கையில் நிற்கவில்லை. காலண்டரை இருவரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

அந்த இரண்டாம் வாரத்தில்தான் தூங்குமூஞ்சி மரத்தைக் கழித்தார்கள். பறவைகள் கூடுகளை விட்டுப் போய்விட்டிருந்தன. யோசுவாவால் ஏற முடியாது. வேலாயுதன் காட்டாக்கடையிலிருந்து ஒரு ஆளை ஏற்றினான். ரெம்யாவும் யோசுவாவும் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். கிளைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. காலிக் கூடுகள் சுள்ளிச் சுள்ளியாகச் சிதறின. கூடை கட்டியிருந்த கிளையும் வந்து விழுந்தது. சுசீலாபாய் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி இதில தேங்கா போட முடியுமா?" என்று குப்பையோடு எறிந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இருபது முப்பது நீர்க்காகங்கள் பழக்கத்தில் அங்கே வந்தன. மொட்டையாக நின்ற மரத்தை இரண்டுமுறை சுற்றின. உட்காரக் கொம்பில்லாமல், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மரங்களுக்குப் போயின.

"அதில நம்ம ரெண்டும் உண்டா?" என்று ரெம்யா கேட்டாள்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு. எப்படித் தெரியும்?" என்றான் யோசுவா. அவை இறங்கிய மரங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினாறாம் நாள் அவள் போனாள். இன்னும் ஒன்றரை வருஷத்துக்குமேல் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதைப் பற்றி இந்தமுறை யாரும் பேசவில்லை. உள்ளே போகிற வாசலில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் நெருக்க, நகர்ந்துவிட்டாள். யோசுவா கைத்தடியோடு அங்கேயே நின்றான். விமானம் கிளம்புகிற நேரம் தாண்டி, இனி நிற்பதில் அர்த்தமில்லை என்று தெரிந்தபிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினான்.

நாலாம் நாள் மாலை போன் அடித்தது. ரெம்யாவுக்குப் பின்னால் வேறு சுவர். மஞ்சள் பூப்போட்ட காகிதம் ஒட்டியது. இது வேறு ஊர், கடலே கிடையாது என்றாள். இந்த வீட்டில் ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், எழுபத்தொன்பது வயது. ஞாபகம் கொஞ்சம் தப்பிப்போகிறது. அவள் பெயரை ஒரு நாளைக்குப் பத்துமுறை கேட்கிறார்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"சாப்பிட்டேன். நீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் யாரோடு பேசுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டது. ரெம்யா திரும்பிப் பதில் சொன்னாள். மறுபடி அந்தக் குரல்.

"அவங்களுக்கு ஒங்களைப் பாக்கணுமாம்," என்றாள் ரெம்யா. "காட்டட்டா?"

யோசுவா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"காட்டு," என்றான்.